ராணிக்காகச் சொல்லாமல் விட்ட சொல்

ஒரு நேர்மையான பெண்ணின் பெயரை நான் கெடுத்தேன். பொய் சொல்லிக் கெடுக்கவில்லை. சொல்ல வேண்டிய ஒரு சொல்லைச் சொல்லாமல் விட்டுக் கெடுத்தேன்.

அவள் இன்னும் என் வீட்டில்தான் வேலை செய்கிறாள். இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் குசினியில் அவள் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்கிறது. என்னைப் போல நல்ல மனுசி இந்த ஊரிலேயே இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள்... அதைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து வேறு எங்காவது போய்விட வேண்டும் போலிருக்கும்!

உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நீங்கள் யாரோ. என் முகம் உங்களுக்குத் தெரியாது. நான் புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவள். எங்கள் சபையில் குருவின் காதில் பாவத்தைச் சொல்லும் வழக்கம் இல்லை. கடவுளிடம் நேரே சொல்லலாம் என்பார்கள். கடவுளிடம் சொல்வது எவ்வளவு சுகம் தெரியுமா? அவர் எழுந்து உங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டார். மனிதரிடம் சொன்னால்தான் அது சொன்னதாகும் என்று எனக்கு இந்த வயதில் தோன்றுகிறது. ராணியிடம் சொல்லத் தைரியமில்லை. அதனால்தான் நீங்கள்.

என் வீடு ஓர்ஸ் ஹில் என்ற குன்றின் சரிவில் இருக்கிறது. என் கட்டிலில் சரிந்து படுத்தால் யன்னல் வழியே உட்துறைமுகம் முழுவதும் தெரியும். மத்தியானத்தில் வெயில் தண்ணீரின் மேல் வெள்ளையாகப் படர்ந்து, எது கடல், எது வானம் என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகும். கப்பல்கள் அந்த வெள்ளைக்குள் அசையாமல் நிற்கும். எங்கிருந்தோ ஒரு மான் வந்து வேலிக்குள் கழுத்தை நீட்டிச் செவ்வரத்தம் பூக்களைத் தின்றுவிட்டு, ஒன்றும் நடக்காதது போல வீதியில் இறங்கிப் போகும். அந்த நேரத்தில் எனக்கு நித்திரையும் இல்லாத, விழிப்பும் இல்லாத ஒரு மயக்கம் வரும். என் வாழ்க்கையின் பாதி அந்த மயக்கத்தில்தான் கழிந்தது என்று நினைக்கிறேன். என் குற்றமும் அதற்குள்தான் நடந்தது.

அப்போது நான் ஆசிரியை. என் கணவர் காலமாகியிருந்தார். ஒரே மகன் கனடாவில். ராணி சாம்பல்தீவிலிருந்து காலை பஸ்ஸில் வருவாள். வரும்போது கரையில் வாங்கிய சூடை மீனைப் பையில் சுற்றிக் கொண்டுவருவாள். கேற்றின் கொளுக்கி விழும் சத்தம் கேட்டால் எனக்கு நாள் தொடங்கும். அவளுடைய புருசன் வேறொருத்தியோடு மட்டக்களப்புப் பக்கம் போய்விட்டான். டிலானி என்று ஒரு மகள். அவள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

ராணியை நான் மரியாதையாகத்தான் நடத்தினேன்... அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்! அவளுக்கென்று தனிக் கோப்பை வைக்கவில்லை. நத்தார்ப் பண்டிகைக்குச் சேலை எடுத்துக் கொடுத்தேன். ஆனால் அவள் ஒருநாளும் கதிரையில் இருந்ததில்லை. குசினிப் படியில் குந்தியிருந்துதான் சாப்பிடுவாள். "கதிரையில் இரு ராணி" என்று நான் ஒருநாளும் சொன்னதுமில்லை. அலுமாரிச் சாவி எப்போதும் என் கைப்பையில்தான் இருக்கும். பள்ளிக்கூடத்துக்குக்கூட அதைக் கொண்டுபோவேன். ஏன் என்று அவள் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டதில்லை.

ஒருநாள் அவள் தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"ரீச்சர், உப்புவெளியில ஜெயந்தி அம்மா எண்டு ஒரு ஆள் கெஸ்ட் ஹவுஸ் திறந்திருக்கிறா. அறையளின்ர சாவியெல்லாம் பொறுப்பாப் பாக்க ஒரு ஆள் வேணுமாம். வெள்ளைக்காரர் வந்து நிக்கிற இடம். என்ர வீட்டிலயிருந்து நடந்தே போகலாம். பொழுது படமுதல் டிலானியிட்ட வந்திடலாம்."

நான் கைப்பையைத் திறந்து மூடினேன்.

"உங்களுக்கு வேற ஆள் பாத்துத் தந்திட்டுத்தான் போவன். சத்தியமா. ஜெயந்தி அம்மா உங்களிட்ட என்னைப் பற்றிக் கேப்பா... ஒரு சொல்லு சொல்லிவிடுங்கோ ரீச்சர்."

"ஓம் ராணி. சொல்லாமல் விடுவனா?" என்றேன். அவள் முகம் அப்படியே மலர்ந்து போயிற்று.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் யாரும் நற்சான்றிதழ் கேட்பதில்லை. முன்பு வேலை செய்த வீட்டுக்காரிக்குப் போன் எடுப்பார்கள். சுகம் விசாரிப்பார்கள். வெயிலைப் பற்றிக் கதைப்பார்கள். பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். கடைசியில், குரலைக் கொஞ்சம் தணித்து, "ஆள் எப்பிடி?" என்பார்கள். அதற்கு ஒரேயொரு பதில்தான் உண்டு. "தங்கமான பிள்ளை. கண்ணை மூடிக்கொண்டு எடுங்கோ." அதை உடனே சொல்ல வேண்டும். யோசிக்கக் கூடாது.

யாரும் யாரையும் கள்ளி என்று வாய் திறந்து சொல்வதில்லை. அது பழி, பாவம். ஆகவே அந்த ஒரு வசனத்தைச் சொல்லாமல் விடுவதுதான் கள்ளி என்று சொல்வது. ஓர்ஸ் ஹில்லில் வீடு வைத்திருக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். நன்றாகவே தெரியும்!

போன் ஒரு மத்தியானத்தில் வந்தது. பள்ளிக்கூடத்தால் வந்து சாப்பிட்டுச் சரிந்திருந்தேன். துறைமுகம் வெள்ளைக்குள் கரைந்துபோயிருந்தது. மின்விசிறி சுழன்றது. ராணி பின்வளவில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். கல்லில் துணி அடிபடும் சத்தம் தூரத்தில் கேட்பது போலக் கேட்டது. ஜெயந்தியின் குரல் இனிமையான குரல். சுகம் கேட்டார். வெயிலைப் பற்றிச் சொன்னார். என் மகனைப் பற்றிக் கேட்டார். பிறகு குரல் தணிந்தது.

"ராணி எண்டு ஒரு ஆள் வந்தவ. உங்களிட்ட நிக்கிறாவாம். ஆள் எப்பிடி ரீச்சர்?"

அந்த வசனம் என் நாக்கு நுனியில் இருந்தது. நம்புங்கள், இருந்தது! ஆனால் அதே கணத்தில் எனக்கு நாளைய காலை தெரிந்தது. கேற்றின் கொளுக்கி விழவில்லை. குசினி இருட்டாகக் கிடந்தது. தேத்தண்ணீர் இல்லை. "ரீச்சர், இரவு நித்திரை கொண்டீங்களோ?" என்று கேட்க ஒரு குரல் இல்லை. அந்த வீட்டுக்குள் நான் மட்டும் செருப்பை இழுத்து இழுத்து நடந்து திரிந்தேன்...

"ம்ம்..." என்றேன். பிறகு, "வேலை நல்லாச் செய்வாள்" என்றேன். பிறகு கொஞ்சம் விட்டு, "மற்றபடி... நீங்கள் ஒருக்காப் பாத்து எடுங்கோ" என்றேன்.

பின்வளவில் துணி அடிபடும் சத்தம் மட்டும் கேட்டது.

"விளங்குது ரீச்சர்" என்றார் ஜெயந்தி. "நல்ல காலம் கேட்டனான்."

இல்லை, நீங்கள் நினைப்பது போல இல்லை என்று அப்போதும் சொல்லியிருக்கலாம். போனை வைத்த பிறகும் திருப்பி எடுத்திருக்கலாம். அடுத்த நாள் சொல்லியிருக்கலாம். நான் மறுபக்கம் திரும்பிப் படுத்தேன். நித்திரை கொண்டேன்! அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நல்ல நித்திரை அது. அரைத் தூக்கத்தில் வாய் தடுமாறிவிட்டது என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். தடுமாறிய வாய் அவ்வளவு சரியான இடத்தில் எப்படி நிற்கும்?

"ஆள் எடுத்தாச்சாம்" என்று ராணி வந்து சொன்னாள். "பரவாயில்லை ரீச்சர். எனக்குத் தலையில எழுதேல்லை" என்று சிரித்தாள். நான் அவளோடு சேர்ந்து கவலைப்பட்டேன். அந்தக் கவலை பொய்யில்லை என்றுகூட உங்களிடம் சொல்லத் துணிவேன். மனிதமனம் எவ்வளவு கேவலமானது பாருங்கள்!

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. சொல்லாத சொல்லுக்கும் கால் உண்டு போலும். ஜெயந்தி யாரிடம் சொன்னார், அவர் யாரிடம் சொன்னார், எனக்குத் தெரியாது. சரிவுக்குக் கீழே ஒரு வீட்டில் ராணி பின்னேரங்களில் உடுப்பு அழுத்திக் கொடுப்பாள். அந்த வீட்டுக்காரி இனி வர வேண்டாம் என்றார். காரணம் சொல்லவில்லை. ஆனால் அவள் வெளியே வரும்போது பையைத் திறந்து காட்டச் சொன்னார். சாம்பல்தீவுக் கத்தோலிக்கக் கோயில் திருவிழாவுக்குச் சமைக்கும் பெண்கள் அந்த வருடம் சாமான் அறைக்குள் அவளை விடவில்லை. தேங்காய் துருவ வெளியில் இருத்தினார்கள்.

மறுநாள் காலை வந்தவள் குசினிப் படியில் இருந்து அழுதாள். அவள் அழுததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. புருசன் போனதைச் சொல்லும்போதுகூட அவள் அழவில்லை.

"ஆரோ என்னைப் பற்றி ஒரு கதை கட்டிவிட்டிருக்கினம் ரீச்சர். நான் ஆரின்ரயும் ஒரு ஊசிகூட எடுத்ததில்லை. ஆர் இதைச் செய்திருப்பினம்? எனக்கு ஆரோட பகை?"

நான் என்ன செய்திருக்க வேண்டும்? உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது.

நான் செய்தது வேறு. கைப்பையைத் திறந்து அலுமாரிச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தேன். "ஊர் என்ன கதைச்சாலும் எனக்கு உன்னைத் தெரியும் ராணி. இனி இது உன்னட்டையே இருக்கட்டும்" என்றேன். அவள் அந்தச் சாவியைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளுடைய கண்ணீர் என் விரல்களில் பட்டது. சூடாக இருந்தது. அந்த நிமிடத்தில் நான் உண்மையிலேயே நல்லவள் என்று எனக்குத் தோன்றியது... இதைவிடப் பயங்கரமான ஒன்றை நான் இதுவரை உங்களிடம் சொல்லவில்லை!

செய்தி பரவியது. "இந்தக் காலத்தில இப்பிடி வேலைக்கார ஆக்களை நம்புற மனிசர் ஆர் இருக்கினம்?" என்று ஆலயத்தில் ஒரு பெண் என்னைக் கட்டிக்கொண்டு சொன்னார். நான் குனிந்த தலை நிமிராமல் நின்றேன். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வருடங்கள் போயின. அவை எப்படிப் போயின என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. துறைமுகத்துக்குள் கப்பல்கள் வந்தன, போயின. நான் ஓய்வு பெற்றேன். டிலானி வளர்ந்து, கலியாணம் முடித்து வவுனியாவுக்குப் போனாள். ராணியின் தலையில் நரை விழுந்தது. அவள் வேறெங்கும் வேலை கேட்டுப் போகவில்லை. கேட்டால் தருவார் இல்லை. அவளுக்குத் திறந்திருந்த ஒரே வாசல் என் வாசல். மற்ற வாசல்களை அடைத்தவள் நான்.

மத்தியானங்களில் நான் பழையபடி அந்த மயக்கத்துக்குள் போவேன். ஒரே கனவு திரும்பத் திரும்ப வரும். போன் அடிக்கும். ஜெயந்தியின் இனிமையான குரல் கேட்கும். "ஆள் எப்பிடி ரீச்சர்?" கனவில் என் வாய் உடனே திறக்கும். தங்கமான பிள்ளை, கண்ணை மூடிக்கொண்டு எடுங்கோ, தங்கமான பிள்ளை, தங்கமான பிள்ளை... எவ்வளவு இலகுவாக வருகிறது! பாட்டுப் போல வருகிறது! விழிக்கும்போது நாக்கு உலர்ந்து கிடக்கும். ராணி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நிற்பாள். "ஏதோ புலம்பினீங்கள் ரீச்சர்" என்பாள். "என்ன சொன்னனான்?" என்று பயந்துபோய்க் கேட்பேன். "விளங்கேல்லை" என்பாள்.

கடந்த தவக்காலத்தில் ஒருநாள், அவள் கோயிலுக்குப் போய்விட்டுத் தாமதமாக வந்தாள். ராணி கத்தோலிக்கப் பெண். குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு நேரே வந்திருக்கிறாள். என் கட்டிலருகே நிலத்தில் இருந்தாள். விரல்களைக் கோத்துக்கொண்டாள்.

"ரீச்சர், உங்களிட்ட ஒண்டு சொல்லவேணும். கனகாலமா நெஞ்சுக்குள்ள கிடக்கு. பாதர் சொன்னவர், அவ்வளவு உறுத்தினா வீட்டுக்கார அம்மாவிட்டையே சொல்லிவிடும் எண்டு."

அறிந்துவிட்டாளோ என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, சொல்லப்போவது அவளுடைய குற்றம். அப்போது எனக்குள் என்ன எழுந்தது என்று தெரியுமா? ஒரு ஆசை! அவள் எதையாவது எடுத்திருக்க வேண்டும். ஒரு மோதிரம், ஒரு சேலை, ஒரு கைப்பிடி பால்மா... எதுவாவது! அவள் எடுத்திருந்தால் நான் போனில் விட்ட அந்த அமைதி பொய்யாக இருக்காது. கடவுளே, அவள் கள்ளியாக இருக்கட்டும் என்று நான் மன்றாடினேன். ஒரு மன்றாட்டு என்றால் அதுதான் மன்றாட்டு. அவ்வளவு உருக்கமாக நான் எந்த ஆலயத்திலும் செபித்ததில்லை.

"நீங்கள் பள்ளிக்கூடம் போற காலத்தில ஒருநாள்" என்றாள். "எனக்குக் காய்ச்சல் குணம். நிக்க ஏலாமல் போச்சு. உங்கட கட்டிலில படுத்திட்டன் ரீச்சர். உங்கட தலாணியில தலை வைச்சு... நித்திரையும் கொண்டிட்டன்."

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கனவொண்டு கண்டனான். இந்தக் கட்டில் தோணி மாதிரித் துறைமுகத்துக்க மிதந்து போகுது. நான் அதில படுத்திருக்கிறன். ஒருத்தரும் என்னைக் கூப்பிடேல்லை ரீச்சர். ராணி, அதை எடு, இதை எடு எண்டு ஒருத்தரும் கூப்பிடேல்லை. அவ்வளவு சுகமா இருந்தது. எழும்பின உடன விரிப்பைத் தோய்ச்சுக் காயவைச்சு, நீங்கள் வரமுதல் விரிச்சிட்டன். உங்களுக்குச் சொல்லேல்லை. நீங்கள் என்னை நம்பிச் சாவியையே தந்தனீங்கள். நான் இதை ஒளிச்சிட்டன்."

அவ்வளவுதான். அவளுடைய களவு அவ்வளவுதான்! காய்ச்சலோடு ஒரு மத்தியான நித்திரை.

நீங்களாயிருந்தால் அந்த இடத்தில் சொல்லியிருப்பீர்கள். கல்லும் வாய் திறந்திருக்கும். அவள் நிலத்தில் இருந்தாள். நான் கட்டிலில் இருந்தேன். அவளுடைய முகம் எனக்கு மிக அருகில், எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் இருந்தது. "ராணி..." என்று தொடங்கினேன். "ராணி, நானும் ஒண்டு..."

"என்ன ரீச்சர்?"

"நானும் ஒண்டும் நினைக்கேல்லை. பரவாயில்லை. நான் மன்னிச்சிட்டன்" என்றேன்.

மன்னித்துவிட்டேனாம்! யார் யாரை? அந்தச் சொல்லை எந்த வாயால் சொன்னேன்? ஆனால் சொன்னேன். கையைத் தூக்கி அவள் தலையில்கூட வைத்தேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "இப்ப நெஞ்சு லேசாக் கிடக்கு" என்று எழுந்து தேத்தண்ணீர் போடப் போனாள். அன்று முழுவதும் குசினியில் ஏதோ கீதம் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

நான் கேட்டுக்கொண்டு கிடந்தேன். ஒருத்தி சொன்னவுடன் அவளுக்கு லேசாகிவிட்டது. எனக்கும் அப்படித்தான் ஆகும் என்று தெரிகிறது. தெரிந்தும் சொல்லவில்லை. ஏன்? அவள் என்னை விட்டுப் போய்விடுவாள் என்ற பயமா? இல்லை, இப்போது அது மட்டுமில்லை. அவளுக்கு இந்த ஊரில் மிஞ்சியிருப்பது, ஒரு வீடாவது தன்னை நம்பியது என்ற ஒன்றுதான். அதையும் பறித்துவிட்டு நான் நெஞ்சு லேசாகப் படுத்திருக்கலாமா? இப்படியும் கேட்டுப் பார்க்கிறேன். கேள்வி நியாயமானதாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு வசதியான கேள்விகள் எப்போதும் நியாயமாகத்தான் இருக்கும்... அதுதான் என்னில் எனக்குப் பயம்.

போன கிழமை டிலானி போன் எடுத்தாள். அவளுக்குப் பிள்ளை பிறக்கும் மாதம் இது. வவுனியாவில் வீடு கட்டி முடிந்துவிட்டது. நான் கட்டிலில் கண்ணை மூடிச் சரிந்திருந்தேன். துறைமுகம் அந்த வெள்ளைக்குள் மறையத் தொடங்கியிருந்தது. ராணி காது மந்தமாகிவிட்டதால் போனைச் சத்தமாக வைத்துத்தான் கதைப்பாள். குசினிக்குள்ளிருந்து ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது.

"அம்மா, போதும் நீங்கள் வேலை செய்தது. உங்களுக்கெண்டு ஒரு அறை கட்டியிருக்கிறம். கட்டிலும் போட்டாச்சு. வந்து எங்களோடயே இருங்கோவன்."

"அது ஏலாது பிள்ளை."

"ஏன் ஏலாது? அவவுக்கு வேற ஆள் கிடைக்கும்."

"ஆள் கிடைக்கும். அதில்லைக் கதை" என்றாள் ராணி. "ஊர் முழுக்க என்னைக் கள்ளி எண்டு பாத்த நேரம் இந்த மனிசி மட்டுந்தான் என்னை நம்பினது. அப்பிடி நம்பின ஆளை வயதுபோன நேரத்தில விட்டுட்டு வாறதே? என்ர கண் மூடுமட்டும் நான் இஞ்சதான்."

மறுமுனையில் டிலானி அழுதாள் என்று நினைக்கிறேன். ராணி குரலைத் தணித்து ஏதோ ஆறுதல் சொன்னாள். பிறகு போனை வைத்தாள்.

எழுந்து போகக் குசினி பத்தடி தூரம்கூட இல்லை. ஒரு வசனம் போதும். நான்தான் ராணி, அந்தக் கதை என்னிடமிருந்துதான் போனது. அவள் என்னைக் காறித் துப்பிவிட்டு அன்றைக்கே வவுனியா பஸ் ஏறியிருப்பாள். தன் பேரப்பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருந்திருப்பாள். அவளுக்கென்று போட்ட கட்டிலில் யாருக்கும் ஒளிக்காமல் படுத்திருப்பாள்.

அவள் கதவடியில் வந்து நிற்பது தெரிந்தது.

"ரீச்சர், முழிப்போ?"

நான் கண்ணைத் திறக்கவில்லை. நித்திரை கொள்கிறவள் போல மூச்சை இழுத்து விட்டேன். அவள் சத்தமில்லாமல் வந்து, என் முகத்தில் வெயில் படாதபடி யன்னல் திரையை இழுத்துவிட்டுப் போனாள்.